எடை இறங்கும் இடம்

மேக்புக் ஏர் மடிக்கணினியின் எடை 1.24 கிலோ. நான் பார்த்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 1.1 கிலோவை ஒட்டி வரும். வித்தியாசம் நூற்றைம்பது கிராம்கூடத் தேறாது. இந்தச் சில்லறைக் கிராமை வைத்துக்கொண்டு அக்காள் மகளும் நானும் வாதாடியதைக் கேட்டு அலுத்துப்போன அக்காள், "ஏன்டா, காலமெல்லாம் கரும்பலகையில எழுதுனவன்தானே நீ" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு இப்போது வாய்த்திருப்பது பிழை திருத்தும் வேலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நூல் போடுகிறவர்கள் கூப்பிடுவார்கள். நான் இருக்கும் சுங்கை பூலோவில் கேடிஎம் ரயில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸுக்குக் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கிள்ளான். உட்கார்ந்திருந்தால் என்று சொல்லிவிட்டேன். காலை நேரத்தில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். என் இடது தோள் இறுகிக் கிடக்கிறது. சட்டை மாட்டவே பக்குவம் பார்க்க வேண்டிய தோள். பழைய கணினியோ செங்கல் கனம், அதன் கீலும் விட்டுப்போயிற்று. ஆகவே கிராம் கணக்கு எனக்கு விளையாட்டில்லை.

ஆப்பிள், லெனோவோ என்ற இந்த இரண்டு வீட்டுப் பகை பழையது. 2008 ஜனவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, அலுவலகங்களில் கோப்பு அனுப்பும் காகித உறை ஒன்றின் நூலைச் சுற்றி அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒரு கணினியை உருவி எடுத்தார். அதுதான் முதல் மேக்புக் ஏர். எடை 1.36 கிலோ. யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. டிவிடி கிடையாது, ஈதர்நெட் கம்பி சொருக இடம் கிடையாது, பேட்டரியைக் கழற்ற முடியாது. அடுத்த மாதமே லெனோவோ திங்க்பேட் எக்ஸ்300-ஐ இறக்கியது. அதுவும் அதே எடையை ஒட்டியதுதான். ஆனால் மூன்று யூஎஸ்பி, ஈதர்நெட், உள்ளேயே டிவிடி, கழற்றி மாட்டுகிற பேட்டரி என்று எல்லாம் இருந்தது. பிசினஸ்வீக் இதழ் எக்ஸ்300 உருவான கதையை அட்டைக் கட்டுரையாகவே போட்டது.

பட்டியல் போட்டுப் பார்த்தால் எக்ஸ்300 ஜெயித்திருக்க வேண்டும். ஒரே எடைக்கு இவ்வளவு சாமானையும் உள்ளே அடக்கிக் காட்டியது பெரிய வேலை. திங்க்பேட்டை முதலில் வடிவமைத்த ரிச்சர்ட் சாப்பர், ஜப்பானியர் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும் கறுப்புப் பெட்டியை மனத்தில் வைத்து அதைச் செய்தவர் என்பார்கள். மூடியிருக்கும்போது ஒன்றும் தெரியக்கூடாது, திறந்தால் எல்லாம் இருக்க வேண்டும். எக்ஸ்300 அந்தக் கொள்கைக்கு உண்மையாக இருந்தது. ஏருக்கு அந்தக் கவலையே இல்லை. 'இதெல்லாம் உனக்கு எதற்கு?' என்று கேட்டது அது.

பிறகு நடந்தது விசித்திரம். ஜெயித்திருக்க வேண்டியது தோற்றதோடு நிற்கவில்லை, ஜெயித்ததைப் போலவே மாறியும் விட்டது. 2012-இல் வந்த முதல் எக்ஸ்1 கார்பனில் டிவிடி இல்லை, ஈதர்நெட் துளை இல்லை, பேட்டரியைச் சட்டென்று கழற்றி மாட்டும் வசதி இல்லை. எதெல்லாம் இல்லை என்று ஏரைக் கேலி செய்தார்களோ, அதெல்லாம் இதிலும் இல்லை. ஆகவே இன்று நான் ஒப்பிட்டுப் பார்க்கிற இரண்டையும் எதிரிகள் என்று சொல்வதே சரியில்லை. இரண்டுமே அந்தக் காகித உறைக்குள் இருந்து வந்தவை.

இதுவரை அமெரிக்கக் கதை. இது நம் ஊருக்கு வந்து சேர்ந்த விதம்தான் என்னை உறுத்துகிறது.

2008 ஏரின் சாதாரண மாடல் 1,799 டாலர். அதற்குள் சுழன்றது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க், ஐபாட்டுக்குள் இருந்த ரகம். சுழலாத எஸ்எஸ்டியும் கொஞ்சம் வேகமான சில்லும் வேண்டுமென்றால் 3,098 டாலர். எக்ஸ்300-இல் எஸ்எஸ்டி மட்டும்தான், 64 ஜிபி. மூன்று ஆண்டு ஆகுமுன்பே, 2010 அக்டோபரில் வந்த ஏரில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. சுழலும் தட்டு, அதைச் சுழற்றும் மோட்டார், தட்டின் மேல் ஆடும் ஊசி எல்லாம் போயின. கணினி இலேசாயிற்று. அதிர்ச்சி தாங்கியது, சத்தம் நின்றது. நாம் மகிழ்ந்தோம்.

ஹார்ட் டிஸ்க்குகள் செய்யப்பட்ட இடங்களில் ஒன்று பெட்டாலிங் ஜெயா. சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரம் 1970-களில் திறந்ததிலிருந்து, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்கள் வேலைக்குப் போன இடம் அது. விடியுமுன் ஆலைப் பேருந்து வந்து நிற்கும். இரவு ஷிப்டு முடிந்து இறங்குகிறவளும் காலை ஷிப்டுக்கு ஏறுகிறவளும் படிக்கட்டில் ஒருவரை ஒருவர் கடப்பார்கள். என் வகுப்பில் பிள்ளைகளின் பதிவேட்டைத் திறந்தால் 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் 'ஆலை' என்று எழுதியிருப்பது சாதாரணம். 2018-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக அறிவித்தது. ஹார்ட் டிஸ்க்குக்குத் தேவை குறைந்துகொண்டே போகிறது, எஸ்எஸ்டி ஏறுகிறது என்பது காரணம். எஸ்எஸ்டி வேலை பினாங்கில் பெருகியது. பெட்டாலிங் ஜெயாவில் ஹார்ட் டிஸ்க் செய்தவள் பினாங்குக்குக் குடிபெயர்ந்து எஸ்எஸ்டி செய்யப் போவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பொருளாதாரம் தெரிந்தவர்கள் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். போகட்டும். எனக்குப் பட்டது ஒன்றுதான்: ஒரு சாமானில் இருந்து எடை குறைந்தால் அந்த எடை காற்றில் கரைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் தலையில் போய் இறங்குகிறது. மேசை இழுப்பறையில் அடாப்டராக, பழுதுக்கடை ரசீதாக, ஆலை வாசலில் ஒட்டிய அறிவிப்பாக. எந்தக் கணினி எனக்கு என்று யோசிக்கும்போது கிராமைவிட இதைத்தான் அதிகம் யோசித்தேன்.

எடை குறைந்திருப்பது ஒரு பெருமை என்பதே எங்கள் வீட்டுக்குப் புதிது. அம்மா ஆர்.ஆர்.ஐ. தோட்டத்தில் பால் வெட்டியவர். 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் வைத்திருந்த சோதனைத் தோட்டம் அது. கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரம் கேரளம், தாய்லாந்து வரை போய் வேர்விட்டது. வெயில் ஏறுமுன் மரம் வெட்டி முடித்து, மங்கில் வடிந்ததை வாளியில் சேர்த்து, காண்டாவின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றி ஸ்டோருக்கு நடக்க வேண்டும். அங்கே எடை ஏறினால் கூலி ஏறும். கனக்கிற நாள் நல்ல நாள். மழை பெய்து மரம் வெட்ட முடியாத நாளில்தான் தோள் இலேசாக இருக்கும்; அன்று வீட்டில் யாரும் சிரித்ததாக நினைவில்லை.

ஆனால் கிராணி தராசை மட்டும் நம்பிவிட மாட்டார். மரத்தில் இருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் ரப்பர். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். மேற்கொண்டு யாராவது தண்ணீர் கலந்தாலும் தராசுக்குத் தெரியாது. அதனால் மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலுக்குள் விடுவார்கள். அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். சுமந்து வந்த எடை ஒன்று, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏறுகிற எடை வேறொன்று.

மடிக்கணினி விளம்பரத்துக்குள் விட்டுப் பார்க்கவும் ஒரு மெட்ரோலாக் வேண்டும். எக்ஸ்1 கார்பனுக்கு லெனோவோ தருவது 'இதில் தொடங்கி' என்ற எடை. தொடுதிரை கேட்டால் ஏறும். ஆப்பிளும் அடிக்குறிப்பில் எடை மாறக்கூடும் என்று சொல்லிவிடுகிறது. இரண்டிலும் சார்ஜர் கணக்கில் இல்லை. நம் நாட்டுக்கு அது பெரிய விடுபடல். 1947-இல் பிரிட்டனில் தரப்படுத்திய மூன்று முனைப் பிளக் இன்னும் நம் சுவர்களை ஆள்கிறது. உள்ளே பியூஸ் வைத்த அந்தக் கட்டைப் பிளக்கை எந்த மெல்லிய பைக்குள் போட்டாலும் முதுகில் குத்தும். எக்ஸ்1 கார்பனின் சார்ஜரில் கட்டி ஒன்று, அதில் இருந்து பிளக்குக்குப் போகும் தடித்த கம்பி இன்னொன்று. இவற்றையும் சேர்த்து நிறுத்தால் அந்த நூற்றைம்பது கிராம் மதிப்பிழந்துவிடுகிறது.

அக்காள் மகள் இதைத்தான் பிடித்துக்கொண்டாள். "நான் சார்ஜர வீட்டுலயே வச்சிட்டுப் போறேன் மாமா. காலையில கிளம்பி ராத்திரி வர்ற வரைக்கும் பேட்டரி நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?" கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள்; வாடிக்கையாளர் அலுவலகம் மாறி மாறிப் போகிறவள். அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறிய 2020 நவம்பருக்குப் பிறகு ஏரில் விசிறியும் கிடையாது. சத்தமே வராது. சூடேறினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏர்கோன் போடாத சுங்கை பூலோ மதியத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டேன். "பிழை திருத்துறதுக்கு எங்க மாமா சூடாகும்? உங்களுக்குத்தான் சூடாகும்" என்றாள். நல்ல பிழைகளைப் பார்த்தால் எனக்குச் சூடாவது உண்மைதான்.

இரண்டையும் கையால் தொட்டுப் பார்க்கக் கிளம்பினோம். புத்ராஜெயா ரயில் தடத்தில் சுங்கை பூலோவில் ஏறினால் டிஆர்எக்ஸ் நிலையம் வரை ஒரே வண்டி. 2024 ஜூனில் ஆப்பிள் மலேசியாவில் தன் முதல் சொந்தக் கடையை அங்கேதான் திறந்தது. மறுபக்கம் ஏறினால் குவாசா டாமான்சாராவில் மாறி, காஜாங் தடத்தில் புக்கிட் பிந்தாங். அங்கே லோ யாட் பிளாசா, 1999 முதல் கோலாலம்பூரின் கணினிச் சந்தை. டிஆர்எக்ஸும் புக்கிட் பிந்தாங்கும் அடுத்தடுத்த நிலையங்கள். இரண்டு கணினிகளும் இவ்வளவு பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டு வேறு ஊர்களில் இருப்பதுபோல. குவாசா டாமான்சாரா நிலையம் நிற்பது பழைய ஆர்.ஆர்.ஐ. நிலத்தில். ஊழியர் சேமநிதி வாரியம் அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரை வாங்கி நகரமாக்குகிறது. அம்மா வெட்டிய நிரை எது என்று மேம்பாலத்தில் இருந்து என்னால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

டிஆர்எக்ஸ் கடையில் மேசையெல்லாம் வெளிச்சம். அங்கே நான் செய்த சோதனை ஒன்றுதான். தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு, சிறிய எழுத்தில் 'காரணம்' என்று ஒரு வரியும் 'கரரணம்' என்று அடுத்த வரியும் அடித்தேன். பிழை திருத்துகிறவனின் முதல் எதிரி இது. 'கா'வின் காலும் 'ர' எழுத்தும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே நிற்கும். தட்டச்சு செய்தவர் கால் போட வேண்டிய இடத்தில் ர போட்டிருந்தால், தாளில் கண்ணுக்குத் தெரியாது. தேடும்போதும் அகராதியில் இடும்போதும்தான் அகப்படும். 'ர'வின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு வாலைக் காட்டுகிற எழுத்துரு, அந்த வாலை மழுங்கடிக்காத திரை இரண்டும் வேண்டும். ஏரின் திரையில் வால் துல்லியமாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற அக்காள் மகள், "பாத்தீங்களா" என்றாள், அவளே வரைந்ததுபோல.

அவள் பெருமைப்பட இன்னொரு காரணமும் இருந்தது, அது அவளுக்குத் தெரியாது. அந்தக் கணினியின் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் 'தமிழ் சங்கம் எம்.என்.', 'மலையாளம் எம்.என்.', 'சிங்களம் எம்.என்.', 'கெமர் எம்.என்.' என்று வரிசையாக வரும். அந்த எம்.என். முத்து நெடுமாறன். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்து 1997-இல் கிள்ளானில் இருந்து வெளியிட்ட முரசு நெடுமாறனின் மகன். 1985-இல் முரசு என்று தொடங்கி, பின்னால் முரசு அஞ்சலாக வளர்ந்தது அவருடைய மென்பொருள். 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டுமுறை வைத்துக்கொண்டு ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க முடியாமல் கிடந்தோம். பழைய குறியீட்டில் அடித்த கோப்பை இன்றைய முறைக்கு மாற்றினால் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறிக் கிடக்கும். அவற்றைக் கூட்டிச் சேர்ப்பதற்கே இன்றும் எனக்குக் காசு கொடுக்கிறார்கள். அந்தக் குழப்பத்தின் நடுவில் ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை, கம்போடியக்காரனும் லாவோஸ்காரனும் மேக்கில் தன் மொழியைப் படிக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. கணினியின் எடையில் ஒரு கிராம்கூட ஏற்றாத வேலை.

அதற்காகவே ஏரை வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நேர்மையாகச் சொன்னால் அது இன்று காரணமாகாது. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, முரசு அஞ்சலும் அதில் ஓடும். பதினைந்து ஆண்டுக்கு முன்னால் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே முடிவெடுத்திருப்பேன்.

அடுத்த நிலையத்தில், லோ யாட்டில், எக்ஸ்1 கார்பன் மேசைமேல் திறந்து கிடந்தது. எடை பார்க்கத் தூக்கினேன். இரண்டு அங்குலம் எழும்பியது. அதற்கு மேல் வரவில்லை. அடியில் சுருள்கம்பி ஒன்று மேசையோடு பிணைத்திருந்தது. அலாரம் அலறியது. "ஜாங்கான் அங்காட், அங்கள்" என்று கடைப் பையன் ஓடிவந்தான். தூக்காதீர்களாம். எடை குறைவு என்று எழுதி ஒட்டி விற்கிற பொருள், அதைத் தூக்கிப் பார்க்கத்தான் அனுமதியில்லை. கூட்டம் அதிகம், திருட்டும் இருக்கும், பையனைக் குறை சொல்ல முடியாது. கம்பியின் நீளத்துக்குள் குனிந்து அடித்துப் பார்த்தேன்.

அடித்துப் பார்த்ததில்தான் என் மனம் சாய்ந்தது. ஏரின் விசை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். விரல் மேசையில் தட்டுவதுபோல் இருக்கிறது. எக்ஸ்1 கார்பனில் ஒன்றரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தமிழ் 99-இல் நாளெல்லாம் அடித்துப் பார்க்க வேண்டும். உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு என்று எழுத்துக்கு எழுத்து கை மாறிக்கொண்டே இருக்கும். இறங்கியது என்று விரலுக்குத் தெரிந்தால்தான் அடுத்த கை துணிந்து வரும். மெல்லிய விசையில் வேகமாக அடித்தால் எனக்கு ஒற்று விழுந்துபோகிறது. பிழை திருத்துகிறவன் தானே ஒற்றுப் பிழை விட்டால் தொழில் என்னாவது? 2015 முதல் ஆப்பிள் 'வண்ணத்துப்பூச்சி' என்று பெயரிட்டு இன்னும் மெல்லிய விசை ஒன்றைப் போட்டு, தூசி புகுந்து விசைகள் சிக்கி, அமெரிக்காவில் வழக்காகி, 5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. 2020-க்குள் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கினால் விரல் ஒத்துக்கொள்ளாது என்பதை அவர்கள் கற்றுக்கொண்ட விலை அது.

மூடியைத் திறப்பது பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டிலும் ரேம் பலகையோடு பற்றவைத்தது. வாங்கும்போது வாங்கியதுதான், பின்னால் கூட்ட முடியாது. ஏரில் எஸ்எஸ்டியும் அப்படியே. பலகை போனால் அதில் இருந்ததும் போகும். அடிமூடியில் ஐந்து இதழ் பூப்போட்ட திருகாணி, சாதாரணத் திருப்புளிக்கு மசியாது. எக்ஸ்1 கார்பனில் எஸ்எஸ்டியைக் கழற்றலாம், பேட்டரியும் திருகாணியில்தான் நிற்கிறது. எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்ற கையேட்டை லெனோவோ எல்லோருக்கும் இலவசமாகவே வைத்திருக்கிறது. எனக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியாது. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பழுதுகாரருக்குத் தெரியும். அவருக்கு வேலை மிச்சம் வைக்கிற கணினி எனக்குப் பிடிக்கிறது.

எக்ஸ்1 கார்பனைப் புதிதாக வாங்கக் கேட்ட விலையைச் சொன்னால் அக்காள் மறுபடி கரும்பலகைப் பேச்சை எடுப்பாள். ஏரைவிட மிக அதிகம். அது அலுவலகங்கள் மொத்தமாக வாங்குவதற்கென்று வைத்த விலை. நல்லவேளை, அந்த அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டில் அவற்றைக் கழித்துக் கட்டுகின்றன. குத்தகை முடிந்த திங்க்பேட்டுகள் லோ யாட்டின் மேல்மாடிகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, மூலையில் சொத்து எண் ஒட்டிய தடத்தோடு.

அக்காள் மகள் இங்கே வரிக்கணக்கை நுழைத்தாள். வருமான வரியில் 'வாழ்க்கைமுறை' விலக்கு என்று 2,500 ரிங்கிட் உண்டு. கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம், அதோடு புத்தகம், பத்திரிகை எல்லாம் அந்த ஒரே பைக்குள். "புதுசு வாங்கினா அதுலயே முழுசும் போயிடும் மாமா. பழசு வாங்கினா புக் வாங்க மிச்சமிருக்கும்." கணினி வாங்கிய ஆண்டில் இலக்கியத்துக்கு விலக்கில்லை என்று ஓர் அரசாங்கம் சொல்வது வேடிக்கைதான். என் ஓய்வூதியத்துக்கு வரியே கிடையாது என்பதால் இந்தச் சலுகை எனக்கு எட்டவில்லை. இருந்தாலும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு செலவையும் ஒரே பைக்குள் போட்டவர் யாரோ, அவர் படிக்கிறவராக இருக்க வேண்டும்.

பழையதை வாங்குவதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. சீனா 2018-இல் வெளிநாட்டுக் குப்பைக்குக் கதவைச் சாத்தியபின், உலகின் பிளாஸ்டிக்கும் மின்கழிவும் சிலாங்கூர்ப் பக்கம் திரும்பின. கிள்ளான் துறைமுகத்தில் சட்டவிரோத மின்கழிவுக் கொள்கலன் பிடிபட்டது என்ற செய்தி இப்போது யாரையும் நிமிர வைப்பதில்லை. இன்று டிஆர்எக்ஸ் மேசையில் மின்னுகிற வகைதான், பசையால் ஒட்டிப் பற்றவைத்துப் பிரிக்க முடியாமல் செய்ததுதான், சில ஆண்டில் கிலோ கணக்கில் அங்கே வந்து இறங்கும். அப்போது அதை நிறுப்பவர் 'இதில் தொடங்கி' என்று எழுத மாட்டார்.

ஏர் மோசமான கணினி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திரை, பேட்டரி, அமைதி மூன்றிலும் அது மேல். நாளெல்லாம் வெளியே திரிகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வேன். அக்காள் மகளிடம் இருப்பதை மாற்று என்று சொல்லவும் மாட்டேன். எனக்கு வேண்டியது விரலுக்கு ஒத்த விசை, யாராவது திறக்கக்கூடிய மூடி, கையில் இருக்கிற காசுக்கு அடங்குகிற விலை. திரைக்கு வீட்டில் பெரிய மானிட்டர் ஒன்று இருக்கிறது. 'ர'வின் வாலை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

மேல்மாடிக் கடையில் கம்பி இல்லை. பழைய எக்ஸ்1 கார்பனை எடுத்து நேராக என் கையில் கொடுத்தார் கடைக்காரர். வலக்கையில் வாங்கி, இடக்கைக்கு மாற்றி, தோள் வரை தூக்கிப் பார்த்தேன். தோள் ஒன்றும் சொல்லவில்லை. 'ர' விசை மட்டும் கொஞ்சம் பளபளப்பேறியிருந்தது. முன்னால் வைத்திருந்தவர் ஆங்கிலத்தில் அந்த இடத்தில் எதையோ அதிகம் அடித்திருக்கிறார். பேட்டரி பாதிதான் தாங்கும், மாற்றிக்கொள்ளுங்கள், அடியில் ஐந்து திருகுதான் என்றார். விலையில் ஐம்பது ரிங்கிட் குறைத்தார். சார்ஜரைத் தனிப் பையில் போட்டுக் கொடுத்தார். அதை அக்காள் மகள் வாங்கிக்கொண்டாள்.